பழைய செயின் டிராக்டர்: என்ஜின் நன்றாக இருந்தால் போதுமா?

ஜூன் 3 – கேள்வி

ஐம்பது ஆண்டுக்கு மேல் பழைய, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் டிராக்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. என்ஜின் உடனே கிளம்புகிறது, புகை இல்லை. என் நிலம் தாழ்வான களிமண். மழைக்குப் பின் சக்கர டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதைகிறது. ஆழ உழவுக்கும் மேடு பள்ளம் நிரவவும் இதை வாங்கலாமா? என்ஜின் நன்றாக இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்கிறார்.

ஜூன் 3, இரவு

அந்த "மற்றது"க்கும் அவரே பணம் கொடுப்பாரா என்று கேளுங்கள்.

செயின் டிராக்டரில் என்ஜின்தான் சரிசெய்ய எளிதான பகுதி. பிஸ்டன், ரிங், லைனர், நாசில் எதுவானாலும் தொழில் தெரிந்த டீசல் மெக்கானிக் ஒருவர் கழற்றி மாட்டிவிடுவார். கீழே ஓடும் செயின், அதைத் தொட்டு உருளும் ரோலர்கள், முன்னால் செயினைத் திருப்பிவிடும் ஐட்லர் சக்கரம், செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்த அண்டர்கேரேஜ்தான் பணத்தைத் தின்னும். இந்த மாதிரி வண்டிகளின் ஆயுட்காலப் பழுதுச் செலவில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போகிறது என்பது மண் வேலை இயந்திரம் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. விற்பவர் என்ஜினை ஓடவிட்டுக் காட்டுவார், நாமும் அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய் நிற்போம். குனிந்து கீழே பார்ப்பவர் குறைவு.

அடுத்த முறை போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். எப்படி அளப்பது என்று நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

முதலில் ஸ்ப்ராக்கெட். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரம். புதிதாக இருக்கும்போது பல்லின் முனை மழுங்கலாகவும் அகலமாகவும் இருக்கும். தேயத் தேயக் கூராகி, ஒரு பக்கம் கொக்கிபோல வளையும். பல் கூராக இருக்கிறது என்றால் ஸ்ப்ராக்கெட் மட்டும் போயிற்று என்று நினைக்காதீர்கள், செயினும் அதோடு நீண்டிருக்கும். புதுப் பல்லில் பழைய செயினைப் போட்டாலும், பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டாலும் ஒன்று மற்றதை அரைத்துவிடும்.

அடுத்தது செயினின் நீளம். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு ஒரு பின் (இரும்புத் தண்டு) இணைக்கிறது. பின்னைச் சுற்றி குழாய்போல ஒரு புஷ். பழைய வண்டிகளில் இது எண்ணெய் இல்லாத உலர் செயின், இரும்போடு இரும்பு உரசும். பின்னின் வெளிவட்டமும் புஷ்ஷின் உள்வட்டமும் தேய, கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும். இந்தத் தேய்மானம் உள்ளே நடக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு தடித்த இரும்புத் துண்டை வைத்து, மேல்பக்கச் செயின் விறைக்கும்வரை வண்டியை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். என்ஜினை நிறுத்தி பிரேக் பூட்டிய பிறகு, ஒரு பின்னின் விளிம்பிலிருந்து ஐந்தாவது பின்னின் அதே விளிம்பு வரை அளங்கள். நடுவில் நான்கு கண்ணி வரும். செயினைக் கழற்றுவதற்கென்று இருக்கும் மாஸ்டர் பின் அந்த நான்குக்குள் வரக்கூடாது, அது அளவைக் கெடுக்கும். புதிய கண்ணி 170 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், நான்குக்கு 680. நாடா 700 காட்டினால் செயின் ஆயுள் முடிந்தது. பொதுவாக மூன்று விழுக்காட்டை நெருங்கினாலே கதை அவ்வளவுதான். இரண்டு பக்கமும் அளங்கள். ஒரு பக்கம் அதிகமாக நீண்டிருந்தால் அந்த வண்டி எப்போதும் ஒரே பக்கம் திரும்பி வேலை செய்திருக்கிறது, அல்லது ஒரு பக்கச் செயினை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

ஜூன் 4, சற்றுப் பிறகு

விட்டுப்போனது: உலர் செயினில் புஷ் ஒரு பக்கம்தான் அதிகம் தேயும். பட்டறையில் பெரிய பிரஸ் வைத்துப் பின்னையும் புஷ்ஷையும் வெளியே தள்ளி, அரைவட்டம் திருப்பி மறுபடி அடித்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். ஆகவே புஷ்ஷை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் பள்ளமாகவும் எதிர்ப்பக்கம் உருண்டையாகவும் இருந்தால் திருப்ப இடமிருக்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் யாரோ ஏற்கெனவே திருப்பி ஓட்டி முடித்துவிட்டார்கள்.

ஜூன் 5

"புதுப் பெயின்ட் அடித்து நன்றாக வைத்திருக்கிறார்" என்று கேள்வி கேட்டவர் மகிழ்ச்சியோடு சேர்த்திருக்கிறார். ரோலரின் எண்ணெய் சீலைச் சுற்றிலும் பெயின்ட் இருக்கிறதா? அப்படியானால் ஒழுகலை மூடியிருக்க வாய்ப்புண்டு. நேரம் காட்டும் மீட்டரையும் நம்ப வேண்டாம். இந்த வயது வண்டியில் அது ஓடுவதே அபூர்வம், ஓடினாலும் எத்தனையாவது மீட்டர் என்று யார் சொல்வது?

ஜூன் 7

ஸ்டியரிங் கிளட்ச் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இது அண்டர்கேரேஜுக்கு அடுத்த குழி.

பெரும்பாலான பழைய செயின் டிராக்டர்களில் ஸ்டியரிங் வளையம் கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக் மிதி. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி அறுந்துவிடும், வலது செயின் மட்டும் ஓட, வண்டி இடப்பக்கம் திரும்பும். கூர்மையாகத் திரும்ப அதே பக்கப் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். இந்தக் கிளட்ச் தட்டுகள் உலர்ந்த நிலையில் வேலை செய்பவை. மழையில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுப்பீர்கள், வண்டி நேராகவே போகும்.

நேர்மாறான நோய் எண்ணெய் புகுவது. பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியின் சீல் போனால் எண்ணெய் கிளட்ச் அறைக்குள் இறங்கி, தட்டுகள் வழுக்கும். வெறும் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பாரம் கொடுக்க வேண்டும். முன்னால் பிளேடு இருந்தால் மண்மேட்டில் முட்டித் தாழ்ந்த கியரில் தள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் கனமானது எதையாவது கட்டி இழுங்கள். நல்ல வண்டி என்றால் இரண்டு செயினும் மண்ணைப் பறித்துச் சுழலும், அல்லது என்ஜின் திணறும். ஒரு பக்கச் செயின் நின்றுபோய் என்ஜின் மட்டும் கவலையில்லாமல் ஓடினால் அந்தப் பக்கக் கிளட்ச் வழுக்குகிறது.

கிளட்ச் அறைக்கு அடியில் வடிகால் திருகு இருக்கும். விற்பவர் சம்மதித்தால் கழற்றிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் நல்லது. எண்ணெய் வந்தால் சீல் போயிருக்கிறது. துருத்தண்ணீர் வந்தால் தட்டுகள் என்ன நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். சம்மதிக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஜூன் 7, இரவு

"எங்கள் வண்டியில் அப்படி லீவர் கிளட்ச் இல்லை, இருந்தாலும் திரும்புகிறது" என்று ஒருவர் மறுக்கிறார். அவருடையது கிளெட்ராக் வகையாக இருக்கும், பின்னாளில் ஆலிவர் என்ற பெயரில் வந்தது. அதில் டிஃபரன்ஷியல் வழியாகத் திருப்புகிறார்கள்: ஒரு பக்கம் பிரேக் பிடித்தால் அந்தச் செயின் மெதுவாகும், மறுபக்கம் அதே அளவு வேகம் கூடும். இரண்டு செயினுக்கும் எப்போதும் சக்தி போய்க்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் சுழல முடியாது, ஆனால் பாரத்தோடு வளைவில் இழுக்கும்போது சுகமாக இருக்கும். அதில் பார்க்க வேண்டியது பிரேக் பட்டைகளை.

ஜூன் 9

இறக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எழுதுகிறேன்.

எனக்குச் செயின் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் மாமா. முதல் நாள் சமதளத்தில் ஓட்டவிட்டார். மறுநாள் ஒரு சரிவின் உச்சியில் நிறுத்தி, "இடப்பக்கம் திருப்பு" என்றார். இடது லீவரை இழுத்தேன். வண்டி வலப்பக்கம் திரும்பியது. அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நடந்து வந்தார். சரிவு சிறியது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

காரணம் எளிது. சமதளத்தில் என்ஜின் செயினைத் தள்ளுகிறது. இறக்கத்தில் வண்டியின் எடையே முன்னால் தள்ள, என்ஜின் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் இடது கிளட்சை விடுவித்தால் இடது செயின் பிடியிலிருந்து கழன்று வேகமாக உருளும், வலது செயின் மட்டும் பிடிபட்டு நிற்கும். ஆகவே வண்டி வலப்பக்கம் போகும். பாரவண்டி பின்னாலிருந்து தள்ளினாலும் இதே கதைதான். லீவரோடு அதே பக்கப் பிரேக்கையும் அழுத்தினால் நினைத்த பக்கம் திரும்பும். பிரேக் இளகியிருந்தால் திரும்பாது. சரிவான நிலம் வைத்திருப்பவர் வாங்குமுன் பிரேக்கைச் சோதிப்பது இதற்காகத்தான். நிறுத்துவதற்கு மட்டும் பிரேக் என்றால் செயின் வண்டிக்கு அது பாதிதான் தேவைப்பட்டிருக்கும்.

பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் கூண்டும் பெரும்பாலும் கிடையாது. பாறை மேல் இரும்புச் செயின் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 10

"சேற்றுக்கென்றே பிறந்த வண்டி, புதையவே புதையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதி உண்மை.

பிறந்த கதை அப்படித்தான். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய ஆற்றுப்படுகை நிலத்தின் மேல்மண் மக்கிய தாவரத்தால் ஆனது, மெத்தென்று இருக்கும். நீராவி டிராக்டர்கள் அதில் அமிழ்ந்தன. சக்கரத்தை அகலமாக்கி அகலமாக்கிப் பார்த்துச் சலித்த பெஞ்சமின் ஹோல்ட், 1904ஆம் ஆண்டு பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரப்பலகை பதித்த செயினை மாட்டி ஓட்டினார். அவருடைய நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் 1925இல் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. உழவர்கள் இன்றும் தேடும் அதன் சிறிய டி2 மாடல் 1938 முதல் 1957 வரை வந்தது. இன்னொரு பக்கம் வோல்கோகிராட் ஆலையிலிருந்து 1963 முதல் வந்த டிடி-75, சோவியத் கூட்டுப்பண்ணைகளின் உழவை இழுத்தது. இவையெல்லாம் உழவுக்கென்றே செய்தவை. மண் தள்ளும் டோசர் பின்னால் பிரபலமானதால் செயின் என்றாலே டோசர் என்ற எண்ணம் வந்துவிட்டது.

இனி கணக்கு. நான்கரை டன் வண்டி, 33 செ.மீ. அகல ஷூ (செயினில் தரையைத் தொடும் தகடு), தரையில் படும் நீளம் 160 செ.மீ. என்று கொண்டால் இரண்டு செயினுக்கும் சேர்த்துப் பரப்பு சுமார் 10,500 சதுர செ.மீ. அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 0.43 கிலோ. சக்கரத்தில் தரையழுத்தம் ஏறக்குறைய டயரில் அடித்திருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டியே வரும், சாதாரணமாக ஒரு கிலோவும் அதற்கு மேலும். ஆகவே மேலே மிதக்கும் என்பது சரி. சறுக்கலும் குறைவு என்பதால் அதே குதிரைத்திறனில் கலப்பை ஆழமாகப் போகும்.

ஜூன் 11

நேற்றைய கணக்கைப் படித்துவிட்டு "அப்படியானால் மண் இறுகவே இறுகாது" என்று எழுதுகிறார்கள். 0.43 என்பது சராசரி. எடை உண்மையில் ரோலர்களின் கீழ்தான் குவிகிறது. ஒவ்வொரு ரோலரும் கடக்கும்போது மண் ஒரு குத்து வாங்குகிறது. கலப்பை இழுக்கும்போது பாரம் பின்ரோலர்களுக்கு மாறும். ஆழத்தில் ஏற்படும் இறுக்கத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மொத்த எடை, அதைச் செயினால் குறைக்க முடியாது. மேல் ஒரு சாண் மண்ணுக்குச் செயின் நல்லது. அதற்குக் கீழே லாபம் சுருங்கிக்கொண்டே போகும்.

வரப்போரத்தில் திருப்பும் இடத்தைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கூர்மையாகத் திருப்பினால் செயின் மண்ணைப் பக்கவாட்டில் சீவி மேடாகக் குவித்துவிடும். அகலமாக வட்டமடித்துத் திருப்ப இடம் இருக்கிறதா? சிறு சிறு துண்டு நிலம் என்றால் உழுத நேரத்தைவிடத் திருப்பிய நேரம் அதிகமாகும், செயினும் அங்கேதான் தேயும்.

ஜூன் 12

பின்கியரில் அதிகம் ஓட்டாதீர்கள். பின்னால் போகும்போது புஷ் பாரத்தோடு ஸ்ப்ராக்கெட் பல்மேல் உருண்டு அரைபடும். முன்னால் போவதைவிடத் தேய்மானம் அதிகம்.

ஜூன் 14

செயினை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டவருக்கு: தொங்கவிடுங்கள். பலர் செயின் தொய்ந்திருப்பதைப் பார்த்துப் பதறி, வயலின் நரம்புபோல முறுக்கி வைக்கிறார்கள். வண்டியை முன்னால் ஓட்டி, பிரேக் போடாமல் தானாக நிற்கவிட்டு, மேல் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவில் ஒரு நேர்க்கம்பை வைத்துப் பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் 25 முதல் 40 மி.மீ. தொய்வு வழக்கம், கையேடு கிடைத்தால் அதில் சொன்னது. சேற்றில் இறங்குமுன் இன்னும் கொஞ்சம் இளக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்களுக்கிடையே களிமண் அடைத்துக்கொண்டு செயினைத் தானாகவே விறைக்க வைக்கும். களிமண்ணில் வேலை முடிந்த மாலை மண்வெட்டியால் அடிமண்ணைச் சுரண்டி எடுப்பது அலுப்பான வேலை. செய்யாவிட்டால் காலையில் அது காய்ந்து செங்கல்லாக இருக்கும், ரோலர் சுழலாமல் இழுபட்டுத் தட்டையாகத் தேயும்.

ஜூன் 15

என்ஜினைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் எனக்கு அதன்மேல் பகை என்று நினைப்பார்கள்.

போகும்போது முன்னறிவிப்பில்லாமல் போங்கள். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே கிளப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து, குளிர்ந்த பின் உங்கள் கண்முன் கிளப்பச் சொல்லுங்கள். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம்; விட்டுவிட்டுப் புகை பீச்சினால் ரிங் தேய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர்.

பழைய கேட்டர்பில்லர்களில் டீசலைக் கிளப்ப ஒரு குட்டிப் பெட்ரோல் என்ஜின் இருக்கும். அதை முதலில் கிளப்பி, அதன் வெந்நீர் பெரிய என்ஜினைச் சுற்றிவந்து சூடேற்றிய பின் கிளட்சைக் கோத்து டீசலைச் சுழற்ற வேண்டும். குளிரிலும் தவறாமல் கிளம்பும், ஆனால் பராமரிக்க இரண்டு என்ஜின். இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி (TD) வரிசையில் (முன்பு சொன்ன டிடி-75 அல்ல) வேறு வழி: அதே என்ஜின் பெட்ரோலில் தீப்பொறியோடு கிளம்பி, கொஞ்சம் ஓடியதும் லீவரைத் தள்ளினால் டீசலுக்கு மாறும். அழகான யோசனைதான். அதனால் சிலிண்டர் ஹெட் சிக்கலானது. விரிசல் இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்.

ஜூன் 17

இந்த வண்டியால் ஆகாதவை: சாலையில் ஓட்ட முடியாது, இரும்பு ஷூ தாரைக் கிழிக்கும். பெரும்பாலானவற்றில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் கையில்லை, இழுவைக் கொக்கி மட்டுமே. பிடிஓ (கருவிகளைச் சுழற்றும் தண்டு) இருந்தால் அதிர்ஷ்டம். டி2வின் வேகம் மணிக்குச் சுமார் 3 முதல் 8 கி.மீ. உங்களிடம் இப்போதிருக்கும் மூன்று புள்ளிக் கலப்பை இதில் மாட்டாது, இழுத்துச் செல்லும் வகைக் கலப்பை வேண்டும். அதன் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஜூன் 18

ரப்பர் செயின் வேண்டாமா என்கிறார் ஒருவர். 1980களின் பிற்பகுதியில் கேட்டர்பில்லரின் சேலஞ்சர் 65 வந்தபின் உழவுச் செயின் டிராக்டர்களில் அதுதான் பெருவழக்கு. சாலையில் போகும், வேகமாகவும் போகும். ஆனால் இரும்புச் செயினைக் கண்ணி கண்ணியாகப் பழுது பார்க்கலாம்; ரப்பர் பட்டையின் உள்ளிருக்கும் எஃகு நார் வெளியே தெரிந்தால் முழுப் பட்டையையும் மாற்ற வேண்டும். வண்டியின் வயதைப் பார்த்தால் போதாது, பட்டையின் வயதைத் தனியாகக் கேளுங்கள்.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் போய் அளந்துவிட்டார்! செயின் நீண்டிருப்பது இடப்பக்கம் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல், வலப்பக்கம் ஒன்றரை. புஷ் இன்னும் திருப்பப்படவில்லை. வடிகால் திருகில் கொஞ்சம் எண்ணெய், இடப்பக்கம் மட்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றன.

என் கருத்து: வாங்கலாம், கேட்ட விலைக்கு இல்லை. பின்னையும் புஷ்ஷையும் திருப்பும் கூலியையும் இடப்பக்க சீல் மாற்றும் செலவையும் பட்டறையில் எழுதி வாங்கி, அந்தத் தாளோடு பேரம் பேசுங்கள். சீல் மாற்றக் கிளட்ச் அறையைத் திறக்கும்போது தட்டுகளையும் பார்த்துவிடலாம், அதனால் தட்டின் விலையையும் கணக்கில் வையுங்கள். அதற்கு முன் வண்டியின் தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு செயின், ரோலர், சீல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மண் வேலையில் பரவலாக ஓடிய மாடல் என்றால் இன்றும் மாற்று உதிரிகள் வரும். அபூர்வ மாடல் என்றால் இன்னொரு செத்த வண்டியைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ஜூன் 20, பிறகு

செயினை நானே கழற்றுகிறேன் என்று ஆர்வப்படுகிறார். மாஸ்டர் பின்னை அடிக்கும்போது இரும்புச் சில்லு குண்டுபோலத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள், சும்மா பார்ப்பவரையும் விலகச் சொல்லுங்கள். ஐட்லருக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுருள்வில் டன் கணக்கான அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதன் போல்ட்டைத் தொடவே வேண்டாம். கிரீஸால் செயினை இறுக்கும் வகை என்றால் அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் இளக்காதீர்கள், முகத்தையும் அதற்கு நேராக வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

ஜூன் 26

பேரம் படிந்துவிட்டதாம். இனி ஏற்றிவர வேண்டும். தாழ்வான டிரெய்லர் சொல்லுங்கள். அது தாங்கும் எடையையும் பிளேடின் அகலத்தையும் முன்கூட்டியே சரிபாருங்கள். இரும்புப் பலகை மேல் இரும்புச் செயின் வழுக்கும், மழை நாளில் கேட்கவே வேண்டாம். பலகை மேல் மரக்கட்டைகளையோ பழைய டயர்ப் பட்டைகளையோ விரித்து, தாழ்ந்த கியரில் நேராக ஏற்றுங்கள். பலகை நடுவில் திருப்பப் பார்க்காதீர்கள். கோணலாகப் போனால் முழுதாகக் கீழே இறங்கி மறுபடி வரிசை பிடியுங்கள். ஏறி முடிந்து முன்பக்கம் தொம்மென்று விழும் கணத்தில் உடம்பு முன்னால் தள்ளப்படும், அப்போது கை தானாக லீவரை இழுத்துவிடும். கால் பிரேக்கில் இருக்கட்டும். ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் டிரெய்லர் மேல் நிற்க வேண்டாம்.